அடோங்கோ இருவருக்காகக் கொடுத்த ரத்தம்

அடோங்கோவுக்குப் பங்கு குறைந்தால் பொறுக்காது. பங்கு கூடினாலும் பொறுக்காது. அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு. தனக்குக் குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்கள் எங்கள் ஏரிக்கரை ஊரான கிசுமுவில் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். கூடிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவள் இவள் ஒருத்திதான்.

எல்லாம் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்ததன் வினை. எங்கள் லுவோ ஜனங்களில் இரட்டையருக்குப் பெயர் யோசிக்கிற வேலையே கிடையாது. முதலில் வந்தவள் அபியோ, பின்னால் வந்தவள் அடோங்கோ, தீர்ந்தது கதை. இவர்கள் விஷயத்தில் நடுவில் கால்மணி நேரம். தாயும் தகப்பனும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, அத்தை டார்சிலாதான் இரண்டையும் வளர்த்தாள். அத்தைக்கு ஒரே சட்டம்தான். ஒருத்திக்கு என்னவோ அதுவே மற்றவளுக்கும். தராசு சாய்ந்தால் இரட்டையில் ஒருத்திக்கு நோவு வந்துவிடும் என்பாள். துணி எடுத்தால் ஒரே துணியில் இரண்டு கவுன். மீன் வைத்தால் தலையை நடுவே பிளந்து ஆளுக்கு ஒரு கண். அபியோ கண்ணாடி டம்ளரை உடைத்த அன்று அவளுக்கு இரண்டு அடி போட்டுவிட்டு, மூலையில் தூங்கிக்கொண்டிருந்த அடோங்கோவை எழுப்பி உட்காரவைத்து அவளுக்கும் இரண்டு போட்டாள். அடோங்கோ ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டாள்.

முகம் ஒன்று, குணம் வேறு. அபியோ பள்ளிக்கூட டீச்சர், பிள்ளைகளின் பாட்டுக் குழுவுக்கும் அவள்தான் பொறுப்பு. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அவ்வளவுதான். அடோங்கோ மட்டாட்டு வேனில் கண்டக்டர். கொண்டேலே நிறுத்தத்தில் அவள் வாயைத் திறந்தால் டவுன் பஸ் ஸ்டாண்டில் ஆள் எழுந்து நிற்பான். பதினாலு பேர் உட்காரும் வேனில் பதினெட்டுப் பேரை அடைப்பாள், ஆனால் நியாயமாக அடைப்பாள். "மாமா, கொஞ்சம் ஒடுங்கி உக்காரு. அந்தம்மாவுக்கு அரை சீட்டு, உனக்கு ஒண்ணரை சீட்டா? இந்த வண்டியில எல்லாருக்கும் கஷ்டம் ஒரே அளவுதான்" என்பாள். மாமாக்கள் ஒடுங்குவார்கள்.

இப்படி இருந்த குடும்பத்தில், நாலு வருஷத்துக்கு முன்னால், அபியோவுக்கு மட்டும் உடம்புக்கு வந்தது.

முதலில் விரல் மூட்டெல்லாம் வலி. அப்புறம் கன்னத்தில் செந்தடிப்பு, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. எங்கள் ஊரில் எது வந்தாலும் முதலில் மலேரியாதான். மூன்று தடவை மலேரியாவுக்கு விழுங்கினாள். நாலாவது தடவை டைபாய்டு என்றார்கள், அதற்கும் விழுங்கினாள். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டர் மொரா என்ற கிசி இனத்து அம்மாள், அதிராமல் பேசுகிறவள், அது லூபஸ் என்றாள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற வியாதி. அபியோ விஷயத்தில் அவன் அடித்த இடம் சிறுநீரகம்.

அத்தை டார்சிலா டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. "காரணம் எனக்குத் தெரியும்" என்று அடோங்கோ பக்கம் திரும்பினாள். "ரெட்டைங்கன்னா ஒரே நாள்ல கல்யாணம் ஆகணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? அந்த மெக்கானிக் பய ஓலாங் கண்ணைக் காட்டினான்னு ஒரு வருஷம் முன்னாடியே ஓடின. மறு வருஷம்தான் இவளுக்கு மொம்பாசா மாப்பிள்ளை அமைஞ்சான். ஒரு வருஷத்துத் தராசு சாஞ்சு கிடந்துச்சு. இப்பப் பாரு."

வாயாடி அடோங்கோ வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அக்காவின் சிறுநீரகம் என் கல்யாணத்தால் கெட்டது என்று அவள் உண்மையிலேயே நம்பினாள்.

மாத்திரை ஆரம்பித்ததும் அபியோவின் முகம் உருண்டு திரண்டு பூரித்துவிட்டது. அந்த மாத்திரையின் வேலை அது. எங்கள் ஜனங்களுக்கு அது தெரியுமா? சர்ச்சில் ஆள் மாற்றி ஆள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "டீச்சருக்குச் சம்பளம் கூடிடுச்சு போல. பாரு, மூஞ்சியில தெரியுது." அபியோ சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். அதை அடோங்கோ பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அடோங்கோ சாப்பிட ஆரம்பித்தாள். சும்மா இல்லை, கங்கணம் கட்டிக்கொண்டு. காலையில் ஆறு மண்டாசிப் பணியாரம், எண்ணெய் சொட்டச் சொட்ட. மதியம் பொரித்த ஏரி மீன் முழுசாக ஒன்று, உகாலிக் களி மலை மாதிரி. சாயங்காலம் அதே மறுபடியும். ஓலாங் பயந்துபோய், "வயித்துல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு, சோறு இருக்கு. அவ மட்டும் தனியா அந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரியணுமா? நானும் வெச்சுக்கிறேன்" என்றாள். எட்டு மாதத்தில் இரண்டு முகமும் மறுபடி ஒன்றாகிவிட்டது. வேன் கதவில் தொங்கிக்கொண்டு வந்தவள் இப்போது கதவையே அடைத்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநர் இரண்டு டிக்கெட் இடம் போச்சு என்று முணுமுணுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மொரா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள்.

"பரம்பரையா வர்ற மரபணுவைப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. அப்படியிருந்தும் ஒருத்திக்கு வந்திருக்கு, ஒருத்திக்கு வரல. ஏன்னு பாக்கணும்."

மற்றதெல்லாம் அடோங்கோவின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. இரண்டு பேரும் ஒன்று என்பது மட்டும் உள்ளே தங்கியது. ஊர் சொன்னது, அத்தை சொன்னது, இப்போது டாக்டரும் சொல்லிவிட்டாள்.

ரத்தம் எடுக்கிறவன் மகோகா என்ற லுயா ஆள், ஒல்லி, கண்ணாடி போட்டவன். எங்களுக்கு மீன் மாதிரி லுயா ஜனங்களுக்குக் கோழி என்றால் உயிர். ரத்தத்தை எடுப்பதும் அவன்தான், ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்துப் பார்ப்பதும் அவன்தான். அபியோவிடம் ஆறு குழாய் எடுத்தான், அடோங்கோவிடம் நாலு எடுத்துவிட்டு ஊசியை உருவப் போனான். விடுவாளா?

"ஏய் கோழித்தின்னி, அவகிட்ட ஆறு எடுத்தியே, எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"உங்களுக்கு நாலு போதும்மா. நோய் இருக்கிறவங்களுக்குத்தான் கூட வேணும்."

"அதெல்லாம் எங்க வீட்டுல நடக்காது. இன்னும் ரெண்டு எடு."

"மீனைத் தின்னு தின்னு மூளை பெருத்துப் போச்சு உங்களுக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு இன்னும் இரண்டு எடுத்தான். எடுத்துவிட்டு இருவருக்கும் பிரஷர் பார்த்தான். அபியோவுக்கு நூற்று முப்பது. அடோங்கோவுக்கு நூற்று எழுபத்தைந்து. அவன் முகம் மாறியது. "அக்கா, இது ரொம்ப அதிகம். இப்படியே தின்னீங்கன்னா ஒரு நாள் வேன் படிக்கட்டுலயே விழுந்துடுவீங்க" என்றான். அடோங்கோ கவலைப்பட்டாள்தான். ஆனால் நூற்று முப்பதுக்கும் நூற்று எழுபத்தைந்துக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் அவளுக்குக் கவலை. அபியோ தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி மூன்று தடவை ஆயிற்று. நாலாவது தடவைக்கு முதல் நாள் அபியோ வந்தாள். பள்ளிக்கூடங்களுக்கு இடையே பாட்டுப் போட்டி, தன் பிள்ளைகள் ககமேகாவில் பாடப் போகிறார்கள், வர முடியாது என்றாள்.

"ஒரு நாள் தள்ளி வெக்கச் சொல்லேன்" என்றாள் அடோங்கோ.

"தள்ளினா பேரை வெட்டிடுவாங்களாம்." அபியோவுக்குப் பொய் வராது. அதனால் தரையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் சேத்து நீயே குடுத்துடேன்டி. ஒரே ரத்தம்தானே. டாக்டர் நைரோபி போயிருக்காங்க, மகோகா லீவு, புது நர்ஸ்தான் எடுக்குது."

அடோங்கோவுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சின்ன வயதில் அபியோவுக்குப் பதில் இவள் ஊசி போட்டுக்கொண்டதும், இவளுக்குப் பதில் அபியோ பரீட்சை எழுதியதும் எத்தனை தடவை. ஒரே துணியில் எந்த ஓரத்தில் வெட்டினால் என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

காலை எட்டு மணிக்கு அடோங்கோவாகப் போய் ஆறு குழாய் கொடுத்தாள். வெளியே வந்து நாலு மண்டாசி தின்றாள். அபியோவின் லெசோ துணியைத் தோளில் போர்த்தி, அவளுடைய பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டி, தலைக்கட்டைப் புருவம் வரை இறக்கிக்கொண்டு பதினோரு மணிக்கு அபியோவாகப் போனாள். கண்ணாடி வழியே எதுவும் தெரியவில்லை, கதவு என்று நினைத்து பீரோவுக்குள் நுழையப் பார்த்தாள். டீச்சர் மாதிரி மெதுவாகப் பேச வேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டு, புது நர்ஸ் கேட்டதற்கெல்லாம் பூனை மாதிரி பதில் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேன் கண்டக்டர் வேறொரு வண்டியின் பயணியைக் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் கட்டுப்பாடு போயிற்று.

"டேய், அந்தம்மா கையை விடுறா. வரிசையில நில்லுடா நாயே."

நர்ஸ் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அடோங்கோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பள்ளிக்கூடப் பழக்கம்" என்று மெல்லிய குரலில் சொன்னாள். நர்ஸ் நம்பினாள். எங்கள் ஊர் டீச்சர்கள் அப்படித்தான்.

இன்னும் ஆறு குழாய், சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒரு டப்பா, எல்லாம் அபியோ பெயரில். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் தலைசுற்றிப் படுத்திருந்தாள். பன்னிரண்டு குழாய் ரத்தம், சும்மாவா.

அடுத்த வாரம் டாக்டர் மொரா அபியோவுக்குப் போன் செய்தாள். ரத்தம் அமைதியாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் சுத்தமாக இல்லை, ரொம்ப நல்ல முன்னேற்றம், மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்றாள். அத்தை டார்சிலா ஆடினாள், உட்கார்ந்துகொண்டேதான், ஆனாலும் ஆடினாள். அடோங்கோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, என் ரத்தம் எவ்வளவு நல்ல ரத்தம்" என்று அபியோவின் காதில் சொன்னாள். சொன்ன அந்த நிமிஷத்தில் என்னவோ ஒன்று நெருடியது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் அபியோவின் கன்னம் வற்ற ஆரம்பித்தது, மாத்திரை குறைந்தால் வற்றத்தானே செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அக்கா இளைக்க இளைக்க இவளும் மண்டாசியைக் குறைத்தாள். ஆறு நாலாகி, நாலு இரண்டாயிற்று. ஓலாங் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

ஒரு மாதம் போயிற்று. அபியோ பழைய செருப்பை விட்டுவிட்டு ரப்பர் செருப்பு போட ஆரம்பித்தாள். வகுப்பில் நின்று நின்று கால் வீங்குகிறது என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அபியோவும் அத்தையும் அடோங்கோ வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் மகோகா வந்து நின்றான். கையில் ஒரு உயிருள்ள கோழி, காலைக் கட்டி, தலைகீழாக.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். லுயா மனுஷன் ஒருத்தன் தன் கோழியை அடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான் என்றால் சாதாரண விஷயமாக இருக்காது.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றான். கோழியை அத்தை காலடியில் வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டினான். "எங்கிட்டதான் தப்பு. லீவு முடிஞ்சு வந்து குழாயெல்லாத்தையும் நான்தான் வாங்கி வெச்சேன். எப்படியோ மாத்திட்டேன். அபியோ டீச்சர் பேர் போட்ட குழாயிலயும் அடோங்கோ அக்கா ரத்தம்தான் இருக்கு. டீச்சர் ரத்தத்தையே காணோம். அதைப் பாத்துத்தான் டாக்டர் மருந்தைக் குறைச்சாங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. திங்கக்கிழமை வேலையை எழுதிக் குடுத்துடப் போறேன். அதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்."

அபியோ லெசோவைக் காலுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். அடோங்கோவைப் பார்த்துத் தலையை மிக லேசாக அசைத்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

அடோங்கோ மகோகாவைத்தான் பார்த்தாள். "எப்படி உனக்குத் தெரிஞ்சுது? நாங்க எழுத்துக்கு எழுத்து ஒண்ணுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. யாரு ரத்தம்னு எப்படிப் பிரிச்ச?"

"பொறக்கும்போது ஒண்ணு அக்கா. கம்பெனியிலிருந்து வர்றப்ப எல்லா மட்டாட்டுவும் ஒண்ணுதானே? ரோட்டுக்கு வந்தப்புறம் ஆளாளுக்குப் பெயின்ட் அடிச்சு, படம் வரைஞ்சு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கா? உடம்புல பி செல்னு ஒண்ணு இருக்கு. கிருமியைப் பிடிக்கிற எதிர்ப்பொருளைச் செய்யறது அதுதான். மத்த செல்லுங்க பெரும்பாலும் பரம்பரை எழுத்தைத் தொடாது. இது மட்டும் எதிர்ப்பொருளுக்கான எழுத்தைத் தானே வெட்டி ஒட்டிக்கும். அப்புறம் பெருகப் பெருக ஒண்ணு ரெண்டு எழுத்தை மாத்திக்கிட்டே போகும். எந்த மாத்தம் கிருமியை நல்லாப் பிடிக்குதோ அந்தச் செல் பெருகி ஒரு குடும்பமே ஆயிடும். என்ன மாறும்னு முன்னாடியே யாராலயும் சொல்ல முடியாது. அதனால உங்க குடும்பங்க வேற, டீச்சர் குடும்பங்க வேற. போன மூணு தடவையும் நான் தனித்தனியாப் பாத்து வெச்சிருக்கேன். இந்தத் தடவை ரெண்டு பேர் குழாயிலயும் உங்க குடும்பங்கதான் உக்காந்திருக்கு."

"அவளோடது எப்படி இருக்கும்?"

"டீச்சருக்குச் சில குடும்பத்துல மாத்தம் தப்பாப் போயிடுச்சு. கிருமியை விட்டுட்டுச் சொந்த உடம்பையே பிடிக்குது. அதைப் போயி நிறுத்த வேண்டிய காவலும் அவங்களுக்குச் சரியா வேலை செய்யல."

இதுவரை யாரிடமும் கேட்காத கேள்வியை அடோங்கோ கேட்டாள். "அது எதனால? நான் ஒரு வருஷம் முன்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டேன்ல, அதனாலயா?"

மகோகா விழித்தான். "கல்யாணத்துக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? நீங்க பத்துக் கல்யாணம் பண்ணியிருந்தாலும் அந்த எழுத்து மாறுறது மாறத்தான் செய்யும். உங்ககிட்டயும் தப்பா மாறினது ஒண்ணு ரெண்டு இருக்கு. உங்க உடம்பு அதை அடக்கி உக்கார வெச்சிருக்கு. யாரும் செஞ்ச குத்தம் இல்ல இது."

அத்தை கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷமாக உள்ளே குத்திக்கொண்டிருந்தது வெளியே வந்து விழுந்தது மாதிரி இருந்தது அடோங்கோவுக்கு. அதே கையோடு வேறொன்று உறைத்தது. அபியோவின் ரத்தத்தை ஏழெட்டு மாதமாக யாருமே பார்க்கவில்லை.

"நீ குழாயை மாத்தல" என்றாள். "ரெண்டு தடவையும் கையை நீட்டினது நான்தான். எட்டு மணிக்கு நானா வந்தேன், பதினோரு மணிக்கு இவளா வந்தேன்."

மகோகா பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தான். முதலில் அவன் முகத்தில் நிம்மதி வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. "ரெண்டு நாள் சோறு தின்னல நான். வேலையை விட்டுப் போறதுக்குக் கடுதாசி எழுதி வெச்சிருக்கேன். எங்க அந்தக் கோழி? குடுங்க அதை" என்று எழுந்தான். அத்தை கோழியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கோழிக்காகக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். லெசோ விலகி அபியோவின் கால் தெரிந்தது. அவன் மண்டியிட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"டீச்சர், மாத்திரை எத்தனை போடுறீங்க?" என்றான் மெதுவாக.

அபியோ காலை இழுத்துக்கொண்டாள். "போடல. ஏழு வாரமாச்சு. அதனாலதான் அன்னைக்கு ரத்தம் குடுக்க வரல. வந்தா தெரிஞ்சு போயிடும்."

அடோங்கோ பாய்ந்தாள். "உனக்குப் பைத்தியமாடி பிடிச்சிருக்கு? மூஞ்சி உருண்டைன்னா உசுரை விடுவியா? டீச்சராம் டீச்சர், படிச்சவளாம்."

"என் மூஞ்சிக்காக இல்லடி" என்றாள் அபியோ. இப்போதும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கிற குரல். "உன் மூஞ்சிக்காக. நூத்தி எழுபத்தஞ்சுன்னு இவர் சொன்னப்ப நானும் அங்கதான் இருந்தேன். நீ படிக்கட்டுல விழுந்துடுவன்னு சொன்னாரு. நீ கேட்டியா? நான் வீங்கியிருக்கிற வரைக்கும் நீயும் தின்னுக்கிட்டே இருப்ப. நான் இளைச்சா நீ நிறுத்துவன்னு தெரியும். நிறுத்தினியா இல்லையா?"

அடோங்கோ நிறுத்தினாள், அது உண்மை. இரண்டு மண்டாசிக்கு வந்துவிட்டாள், பிரஷர் இறங்கியிருக்கிறது. அது அக்காவின் சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்து இறக்கியது என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தம் இல்லாமல். அடோங்கோ சத்தமில்லாமல் அழுததை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அழுகை ஒரு நிமிஷம்தான். அப்புறம் வாசலுக்கு ஓடினாள். அவளுடைய வேன் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது, பதினேழு பேர் ஏறியாகிவிட்டது. "எல்லாரும் இறங்குங்க" என்றாள். ஒரு கிழவர், முழுச் சீட்டு பிடித்து உட்கார்ந்திருந்தவர், ஏன் இறங்க வேண்டும் என்று நியாயம் பேசினார். அவரைச் சீட்டோடு தூக்கப் போனாள், தானே இறங்கினார். அபியோ, அத்தை, மகோகா, கோழி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வேன் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது.

டாக்டர் மொரா சனிக்கிழமையும் வார்டில் இருந்தாள். பரிசோதித்துப் பார்த்தாள். கத்தவில்லை, அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்கள் பிழைத்ததே பெரிசு என்றாள். சிறுநீரகம் நன்றாக வீங்கியிருக்கிறது, இன்னும் கெட்டுப் போய்விடவில்லை, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் போயிருக்கும். மூன்று நாள் நரம்பு வழியே பெரிய மருந்து ஏற்ற வேண்டும், பின்னாலேயே மாத்திரை, முழு அளவில். முகம் பழையபடி உருளும், முன்னைவிட அதிகமாகவே உருளும்.

"சம்மதமா?" என்று அபியோவைக் கேட்டாள்.

அபியோ டாக்டரைப் பார்க்கவில்லை. "அவளைக் கேளுங்க" என்றாள். "நான் வீங்கினா அவ திங்கமாட்டேன்னு சொல்லட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க. சொல்லலைன்னா எனக்கு ஊசி வேணாம்."

"இது என்னடி பேரம்" என்றாள் அடோங்கோ. "நீ மட்டும் தனியா அந்த மூஞ்சியோட சர்ச்சுக்குப் போவ, நான் பக்கத்துல ஒட்டடைக்குச்சி மாதிரி உக்காரணுமா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்."

"அக்காக்காரி எல்லாத்தையும் தங்கச்சிக்குக் குடுக்காம தானே தின்னுட்டாள்னு பேசும்."

"பேசட்டும்னேன்."

அடோங்கோ அத்தையைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அத்தையின் தராசு வந்து நிற்கும். அத்தை கோழியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம், யாரையும் பார்க்காமல், "ஒத்துக்கோ" என்றாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு பாடாக இருந்திருக்கும் என்று அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"சரி" என்றாள் அடோங்கோ. "திங்கமாட்டேன். ஒரு மண்டாசி."

"ரெண்டு தின்னுக்கோ" என்றாள் அபியோ. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் வந்தாள். அபியோவின் கையைத் துடைத்து நரம்பைத் தேடினாள். பாட்டிலைக் கம்பியில் மாட்டினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அடோங்கோ, தன்னையறியாமலே, தன் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு முழங்கையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவளைப் பார்த்துவிட்டு அபியோவைப் பார்த்தாள்.

"கையை எடு" என்றாள் அபியோ. "இது எனக்கு மட்டும்."

அடோங்கோ கையை இழுத்துக்கொண்டாள். சட்டையை மெல்ல இறக்கி விட்டாள். மருந்து சொட்டுச் சொட்டாக அக்காவின் கைக்குள் இறங்குவதை, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தனக்கு எங்கே என்று கேட்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.